ஃபேன்டசி பிரீமியர் லீக்: வார முடிவுகளும் வார நாயகர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியை ஒட்டி 2002-03 பருவம் முதல் நடந்துவரும் ஃபேன்டசி பிரீமியர் லீக்கில், நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு மினி லீக் ஆடிவருகிறோம். வாரந்தோறும் முடிவுகளைத் தொகுத்து எழுதும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முடிவு வெளியானதும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றையும் விடைகளையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் 2025-26 பருவத்துக்கு உரியவை. பழைய ஆட்டங்களை உதாரணம் காட்டும் இடங்களில் அன்று நடப்பில் இருந்த விதியே கணக்கு.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்த ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளிலிருந்து, 10 கோடி பவுண்டு என்ற கற்பனைப் பணத்துக்குள், பதினைந்து ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும்: கோல்கீப்பர்கள் 2, தடுப்பாட்டக்காரர்கள் 5, நடுக்கள ஆட்டக்காரர்கள் 5, முன்கள ஆட்டக்காரர்கள் 3. ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்க இயலாது. ஒவ்வொரு வாரமும் பதினொருவரைக் களமிறக்கி, மற்ற நால்வரைப் பெஞ்சில் வைத்து, ஒருவரைக் கேப்டனாகவும் மற்றொருவரைத் துணைக் கேப்டனாகவும் குறிக்க வேண்டும். உண்மையான ஆட்டங்களில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளிகள் வரும். கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும். பருவத்தில் 38 ஆட்ட வாரங்கள் உண்டு. இவற்றை விளையாடுபவர்கள் கேம்வீக் என்றே சொல்கிறார்கள்.

வார முடிவை எப்போது உறுதியானதாக எடுத்துக்கொள்ளலாம்?

அந்த ஆட்ட வாரத்தின் கடைசி ஆட்டம் முடிந்து, போனஸ் புள்ளிகள் (ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்த மூவருக்குத் தரும் கூடுதல் புள்ளிகள்) சேர்ந்த பிறகுதான். திங்கட்கிழமை இங்கிலாந்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இந்திய நேரப்படி செவ்வாய் பிறந்த பிறகு 12.30-க்குத் தொடங்குகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவதால், அதன் பிறகு மார்ச் இறுதிவரை அதே ஆட்டம் நமக்கு 1.30-க்குத்தான் தொடங்கும். ஆகவே செவ்வாய் காலை காபிக்கு முன் முடிவு எழுதுவது சாத்தியமில்லை என்பதைப் பொறுமையற்ற உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் கடிகாரச் சிக்கல் அணியை மாற்றும் கெடுவையும் பாதிக்கிறது. டெட்லைன் என்பது வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்குத் தொண்ணூறு நிமிடங்களுக்கு முன். சனிக்கிழமை அங்கே பகல் 12.30-க்கு முதல் ஆட்டம் என்றால், கோடையில் நமக்கு மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. வெள்ளி இரவு ஆட்டம் உள்ள வாரங்களில் டெட்லைன் வெள்ளி இரவு 11 மணிக்கோ சரியாக நள்ளிரவுக்கோ வந்துவிடும். பருவத்துக்கு ஓரிருவர் சனிக்கிழமை என்று நம்பித் தூங்கிவிடுவதும், காயம்பட்டவர் கேப்டனாகவே இருந்துவிடுவதும் எங்கள் லீக்கில் வாடிக்கை.

ஓர் ஆட்டக்காரரின் வாரப் புள்ளி எப்படிச் சேர்கிறது?

களமிறங்கினாலே 1 புள்ளி; 60 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆடினால் 2. கோல் அடித்தால் முன்கள ஆட்டக்காரருக்கு 4, நடுக்கள ஆட்டக்காரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6, கோல்கீப்பருக்கு 10. எவர் கோலுக்கு வழிசெய்தாலும் அசிஸ்ட் என்று 3. அணி கோல் வாங்காமல் முடித்தால், அதாவது கிளீன் ஷீட் கிடைத்தால், கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் 4, நடுக்கள ஆட்டக்காரருக்கு 1. கோல்கீப்பர் மூன்று பந்துகளைத் தடுத்தால் 1, பெனால்டியைத் தடுத்தால் 5. மஞ்சள் அட்டைக்கு 1, சிவப்பு அட்டைக்கு 3, சொந்த கோலுக்கு 2, பெனால்டியைத் தவறவிட்டால் 2 எனப் புள்ளிகள் கழியும். அணி வாங்கும் ஒவ்வோர் இரண்டு கோலுக்கும் கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரரும் ஒரு புள்ளி இழப்பார்கள்.

விதியைப் படிப்பதைவிட ஒரு ஆட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது. 2022 அக்டோபர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெடை 6-3 என்று வென்ற ஆட்டத்தில் எர்லிங் ஹாலண்ட் மூன்று கோல் அடித்து, இரண்டு கோலுக்கு வழிசெய்தார். முன்கள ஆட்டக்காரர் என்பதால் கோல்களுக்கு 12, அசிஸ்ட்களுக்கு 6, முழு ஆட்டமும் ஆடியதற்கு 2, போனஸ் 3, ஆக மொத்தம் 23. அதே ஆட்டத்தில் ஃபில் ஃபோடனும் ஹாட்ரிக் அடித்தார். அவர் நடுக்கள ஆட்டக்காரர் என்ற பட்டியலில் இருந்ததால் அவருடைய மூன்று கோல்களுக்கு 12 அல்ல, 15 கிடைத்தது.

அப்படியானால் ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலியா?

ஆம், இந்த ஆட்டத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது. யார் எந்த இடத்து ஆட்டக்காரர் என்பதைப் பருவத் தொடக்கத்தில் முடிவுசெய்துவிடுகிறார்கள். பிறகு அவரைப் பயிற்சியாளர் எங்கே நிறுத்தினாலும் பட்டியல் மாறாது. 2019-20 பருவத்தில் ஷெஃபீல்ட் யுனைடெடின் ஜான் லண்ட்ஸ்ட்ராம் தடுப்பாட்டக்காரர் என்ற பட்டியலில், 4.0, அதாவது நாற்பது லட்சம் பவுண்டு, என்ற மிக மலிவான விலையில் இருந்தார். களத்திலோ அவர் நடுக்களத்தில் ஆடினார். அந்த நவம்பரில் பர்ன்லியை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் அடித்தார்: கோல்களுக்கு 12, கிளீன் ஷீட்டுக்கு 4, நிமிடங்களுக்கு 2, போனஸ் 3, மொத்தம் 21. அதே இரண்டு கோலை ஒரு முன்கள ஆட்டக்காரர் அடித்து, போனஸையும் முழுதாக வாங்கியிருந்தால் 13-தான் கிடைத்திருக்கும். மலிவான ஒருவர் அந்த வாரத்தின் பெரும் நட்சத்திரங்களையெல்லாம் தாண்டிப் போனது இப்படித்தான்.

வார நாயகனை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

ஃபேன்டசி பிரீமியர் லீக் தானே வாரந்தோறும் ட்ரீம் டீம் என்று ஒரு பதினொருவர் அணியை வெளியிடுகிறது. அந்த வாரத்தில் அதிகப் புள்ளி பெற்றவர்களைக் கொண்டு, அணி அமைப்பு விதிக்கு உட்பட்டு அது அமையும். விலையையோ, எத்தனை பேர் அவர்களை வைத்திருந்தார்கள் என்பதையோ பார்ப்பதில்லை. எங்கள் தொகுப்பில் அந்த அணியின் முதலிடக்காரரை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு, வேறொருவரைப் பற்றித்தான் ஒரு பத்தி எழுதுகிறேன். எங்கள் பதினொரு பேரின் அட்டவணையைப் புரட்டிப் போட்டவர் யாரோ அவரே எங்களுக்கு வார நாயகன்.

இரண்டு பேரும் ஒருவராகவே அமையும் வாரங்களும் உண்டு. 2024 செப்டம்பர் 28 அன்று செல்சியின் கோல் பால்மர், பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதி முடிவதற்குள் நான்கு கோல் அடித்தார். ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே நான்கு கோல் அடித்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். கோல்களுக்கு 20, நிமிடங்களுக்கு 2, போனஸ் 3 என்று 25 புள்ளி. (அவர் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் தமிழில் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பது தொகுப்பாளருக்கு ஒரு தொல்லை.) அந்த வாரம் பால்மரைக் கேப்டனாக வைத்தவருக்கு 50, வெறுமனே வைத்திருந்தவருக்கு 25, வைக்காதவருக்கு எதுவும் இல்லை. வேறு எவரைப் பற்றியும் எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை.

வாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் என் அணியில் இருந்தார். இருந்தும் நான் கீழே இறங்கிவிட்டேன். எப்படி?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே விடை சொல்கிறேன்.

நீங்கள் பெற்ற புள்ளி எவ்வளவு என்பதைப் போலவே, அதே ஆட்டக்காரரால் மற்றவர்கள் பெற்றது எவ்வளவு என்பதும் உங்கள் இடத்தை நிர்ணயிக்கிறது. எங்கள் லீக்கை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினொரு பேரில் ஒன்பது பேரிடம் ஹாலண்ட் இருக்கிறார். அந்த ஒன்பதில் ஆறு பேர் அவரைக் கேப்டனாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர் இரண்டு கோல் அடித்து, போனஸையும் முழுதாகப் பெற்று, 13 புள்ளி எடுக்கிறார். ஆறு பேருக்கு 26 வீதம் 156, மூன்று பேருக்கு 13 வீதம் 39, இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 195; பதினொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 17.7. அதாவது ஹாலண்டை வைத்திருந்தும் கேப்டனாக்காத மூவர், அவர் இரண்டு கோல் அடித்த அந்த மாலையில், லீக்கின் சராசரியைவிட நாலே முக்கால் புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். தொலைக்காட்சிக்கு முன் அவர்கள் கைதட்டியதற்கு எந்தப் பொருளும் இல்லை. கேப்டனாக வைத்தவர்களும் 26 வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, உண்மையில் முன்னேறியது எட்டுப் புள்ளிக்குச் சற்று அதிகம்தான்.

மாறாக, பதினொரு பேரில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் ஆட்டக்காரர் 11 புள்ளி எடுத்தால், சராசரி ஒரு புள்ளிதான் உயர்கிறது. வைத்திருந்தவர் பத்துப் புள்ளி முன்னேறுகிறார். ஹாலண்டின் 26-ஐவிட இந்த 11 பெரியது. இப்படிப்பட்ட ஆட்டக்காரரை டிஃபரன்ஷியல் என்கிறார்கள். எங்கள் முடிவுகளில் எவரும் கேள்விப்படாத ஒரு தடுப்பாட்டக்காரர் வார நாயகனாகி, மூன்று கோல் அடித்தவருக்கு அரை வரி மட்டும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஓரவஞ்சனை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதே கணக்கு ஆறுதலாகவும் அமையும். எல்லோரும் வைத்திருக்கும் ஆட்டக்காரர் சொதப்பும் வாரத்தில் உங்களுக்கு 35 புள்ளி வந்திருக்கலாம். மற்றவர்களுக்கும் அவ்வளவேதான் வந்திருக்கும். அவ்வாரச் சராசரியைப் பார்க்காமல் தன் எண்ணை மட்டும் பார்த்து வருந்துவது, தேர்வுத்தாள் கடினம் என்று தெரியாமலே மதிப்பெண்ணுக்கு அழுவது போன்றது.

கேப்டன் ஆடாவிட்டால் என்ன ஆகும்?

கேப்டன் அந்த வாரம் ஒரு நிமிடம்கூட ஆடாதபோது மட்டும் இரட்டிப்பு துணைக் கேப்டனுக்குப் போகும். கேப்டன் 89-ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 1 புள்ளி எடுத்தாலும், அந்த ஒன்றுதான் இரண்டாகும்.

2024 டிசம்பர் 7 அன்று எவர்டனும் லிவர்பூலும் மோதவிருந்த ஆட்டத்தை டாரா என்ற புயலால் ஒத்திவைத்தார்கள். லிவர்பூலின் முகமது சலா உச்சத்தில் இருந்த பருவம் அது. அவரைக் கேப்டனாக வைத்தவர்கள் எண்ணற்றோர். அறிவிப்பு ஆட்ட நாளின் காலையில் வந்ததால், கவனித்தவர்கள் டெட்லைனுக்கு முன் கேப்டனை மாற்றிக்கொண்டார்கள். நான் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தபோது டெட்லைன் தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. துணைக் கேப்டனாக யாரை வைத்தோம் என்பதே நினைவில்லை. பருவத் தொடக்கத்தில் வைத்ததை மாற்றாமல் விட்டிருந்தேன். அவர் 2 புள்ளி எடுத்தார், இரட்டித்து 4. அன்று முதல் துணைக் கேப்டனையும் வாரந்தோறும் பார்த்துத்தான் வைக்கிறேன்.

பெஞ்சில் இருந்தவர் 15 புள்ளி எடுத்தார். அது ஏன் என் கணக்கில் வரவில்லை?

களமிறக்கிய பதினொருவரில் ஒருவர் சுத்தமாக ஆடாமல் போனால்தான் பெஞ்சிலிருந்து ஆள் உள்ளே வருவார். வரும் வரிசை நீங்கள் வைத்த வரிசை. அப்போதும் தடுப்பாட்டக்காரர் மூவர், நடுக்கள ஆட்டக்காரர் இருவர், முன்கள ஆட்டக்காரர் ஒருவர் என்ற குறைந்தபட்ச அமைப்பு கலையக்கூடாது. ஆகவே மூன்றே தடுப்பாட்டக்காரர்களை இறக்கி, அதில் ஒருவர் ஆடாமல் போனால், பெஞ்சில் முதலில் நிற்கும் முன்கள ஆட்டக்காரரைத் தாண்டி, பின்னால் இருக்கும் தடுப்பாட்டக்காரர்தான் வருவார்.

எரிச்சல் தருபவர்கள் ஆடாமல் போகிறவர்கள் அல்லர். கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறங்குகிறவர்கள். ஒரு புள்ளியோடு வந்து நின்று, பெஞ்சில் இருப்பவரின் பத்துப் புள்ளிக்கு வழிமறித்துவிடுவார்கள்.

மாற்று ஆட்டக்காரராக இறங்குபவர் வார நாயகனாக முடியுமா?

தாராளமாக. 2022 செப்டம்பர் 17 அன்று டாட்டன்ஹாம், லெஸ்டரை 6-2 என்று வென்ற ஆட்டம் இதற்குச் சரியான உதாரணம். சன் ஹியுங்-மின் முந்தைய பருவத்தில் 23 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை சலாவுடன் பகிர்ந்துகொண்டவர். புதிய பருவத்திலோ அதுவரை ஒரு கோலும் இல்லை. பயிற்சியாளரே அவரை உட்கார வைத்துவிட்டார். ஃபேன்டசி ஆடுபவர்களில் ஏராளமானோர் ஏற்கெனவே அவரை விற்றிருந்தார்கள். 59-ஆம் நிமிடத்தில் இறங்கி, பதிமூன்று நிமிட இடைவெளிக்குள் ஹாட்ரிக் அடித்தார். நிமிடத்துக்கு 1 புள்ளிதான் கிடைத்தது. கோல்களுக்கு 15, போனஸ் 3, மொத்தம் 19. அந்த வாரம் எங்கள் லீக்கில் ஒருவரே அவரை விற்காமல் வைத்திருந்தார். அவரும் பெஞ்சில்தான் வைத்திருந்தார்.

இரவில் 3 போனஸ் காட்டியது, காலையில் 2 ஆகிவிட்டது. புள்ளியைக் குறைத்தது யார்?

யாரும் குறைக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் பாஸ், தடுப்பு, கோல் வாய்ப்பு, தவறு எனப் பலவற்றுக்கும் தனியாக ஒரு மதிப்பெண் போட்டு, அதில் முதல் மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ் தருகிறார்கள். ஆட்டம் நடக்கும்போது நீங்கள் பார்ப்பது தற்காலிகக் கணக்கு. கடைசி நிமிட சொந்தத் தவறோ, பிறகு திருத்தப்படும் ஒரு அசிஸ்டோ வரிசையை மாற்றிவிடும். இருவர் முதலிடத்தில் சமமாக இருந்தால் இருவருக்கும் 3, அடுத்தவருக்கு 1. இரண்டாம் இடத்தில் சமம் என்றால் இருவருக்கும் 2, அதற்கடுத்தவருக்கு எதுவும் இல்லை.

65-ஆம் நிமிடத்தில் வெளியே வந்த தடுப்பாட்டக்காரருக்குக் கிளீன் ஷீட் உண்டா, அணி பிறகு கோல் வாங்கியதே?

உண்டு. அவர் 60 நிமிடங்கள் ஆடி, களத்தில் இருந்தவரை கோல் விழாமல் இருந்தால் போதும். 58-ஆம் நிமிடத்தில் வெளியேறினால், அணி கடைசிவரை கோல் வாங்காவிட்டாலும் அவருக்கு இல்லை. சிவப்பு அட்டை பெற்று வெளியேறியவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவர் போன பிறகு விழும் கோல்களும் அவர் தலையில்தான்.

கோலோ அசிஸ்டோ இல்லாத தடுப்பாட்டக்காரர்கள் இப்போது அடிக்கடி சிறந்தவர்கள் பட்டியலில் வருகிறார்களே?

2025-26 பருவத்தில் கொண்டுவந்த புது விதியின் விளைவு அது. ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தை அபாயப் பகுதியிலிருந்து அகற்றுவது, ஷாட்டை மறிப்பது, பாஸை இடைமறிப்பது, டேக்கிள் செய்வது ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே ஆட்டத்தில் பத்து முறை செய்தால் 2 புள்ளி. நடுக்கள, முன்கள ஆட்டக்காரர்களுக்குப் பந்தை மீட்பதையும் கணக்கில் சேர்த்து, பன்னிரண்டு முறை செய்ய வேண்டும். இருபது முறை செய்தாலும் கிடைப்பது 2 மட்டுமே. கோல்கீப்பர்களுக்கு இது இல்லை.

என் கருத்தில் நீண்ட நாளாகத் தேவைப்பட்ட மாற்றம் இது. முன்பெல்லாம் எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி போன்ற ஒருவர் தொண்ணூறு நிமிடமும் தலையைக் கொடுத்துப் பந்தை வெளியேற்றிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்ததும் வெறும் 2 புள்ளியோடு வீடு திரும்புவார். இப்போது அதே ஆட்டத்துக்கு 4 கிடைக்கிறது. தொடர்ந்து முற்றுகைக்கு உள்ளாகும் சிறிய கிளப்புகளின் தடுப்பாட்டக்காரர்களை வாங்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. முடிவுகளைத் தொகுப்பவருக்குத்தான் வேலை கூடிவிட்டது: ஒன்பதாவது தடுப்போடு நின்றுபோனவரை வைத்திருந்தவர், பத்தாவதாக எண்ணியிருக்க வேண்டிய ஒரு டேக்கிளின் காணொளியை அனுப்பி நீதி கேட்கிறார். எண்ணுவது நான் அல்ல.

செய்தியில் அசிஸ்ட் இல்லை என்கிறார்கள். ஃபேன்டசியில் 3 புள்ளி வந்திருக்கிறதே?

ஃபேன்டசியில் அசிஸ்ட் என்பதன் எல்லை அகலமானது. பெனால்டி பெற்றுத் தந்தவருக்கு, அதை வேறொருவர் கோலாக்கினால், அசிஸ்ட் உண்டு. ஒருவர் அடித்து கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை இன்னொருவர் கோலாக்கினாலும் முதலில் அடித்தவருக்கு உண்டு. இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஒத்திவைத்த ஆட்டம் எந்த வார முடிவில் சேரும்?

அது பிறகு எந்த ஆட்ட வாரத்துக்குள் நடக்கிறதோ அந்த வாரத்தில். அதனால் ஒரு வாரம் சில கிளப்புகளுக்கு ஆட்டமே இல்லாமலும், இன்னொரு வாரம் இரண்டு ஆட்டங்களாகவும் வரும். 2022 செப்டம்பர் 8-இல் எலிசபெத் அரசி காலமானபோது ஏழாவது ஆட்ட வாரம் முழுவதுமே ஒத்திவைக்கப்பட்டது. அவ்வார முடிவு என்று எங்கள் தொகுப்பில் ஒரு வெற்றுப் பக்கம் இருக்கிறது.

மேலே சொன்ன புயலுக்கும் ஒரு பின்கதை உண்டு. டிசம்பரில் நடக்காத எவர்டன் ஆட்டம் 2025 பிப்ரவரி 12 அன்று நடந்து, இருபத்து நான்காவது ஆட்ட வாரத்தில் சேர்ந்தது. அதே வாரத்தின் முதல் ஆட்டத்தில் சலா போர்ன்மத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்திருந்தார். 2-2 என்று முடிந்த எவர்டன் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்து, இன்னொன்றுக்கு வழிசெய்தார். கேப்டனின் புள்ளியை ஒரு வாரம் மும்மடங்காக்கும் டிரிபிள் கேப்டன் என்ற சலுகையை, விளையாடுபவர்கள் சொல்லும் சிப்பை, அந்த வாரத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கு இத்தனையும் மூன்று மடங்காயின. டிசம்பரில் பந்தியில் உட்கார்ந்து நான் இழந்தது, பிப்ரவரியில் வட்டியோடு வந்து சேர்ந்தது.

சிப் பயன்படுத்தி வென்ற வாரத்தைச் சாதாரண வெற்றியாகவே எழுதுகிறீர்களே?

சிப் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறது. வைல்ட்கார்டு (புள்ளி இழக்காமல் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றுவது), ஃப்ரீ ஹிட் (அதையே ஒரு வாரத்துக்கு மட்டும் செய்வது), பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியும் சேர்வது), டிரிபிள் கேப்டன் ஆகிய நான்கும் இந்தப் பருவத்தில் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று என இரண்டிரண்டு. ஒரு வாரத்தில் ஒன்றுதான் பயன்படுத்தலாம். முதல் பாதியில் மிச்சமானது அடுத்த பாதிக்கு வராது. ஆகவே வாரத்தின் அதிகப் புள்ளி என்ற வரியில் சிப்பின் பெயரைப் பக்கத்தில் குறிப்பேன்; வெற்றியைக் குறைத்து எழுத மாட்டேன். பெஞ்ச் பூஸ்ட் போட்டு பெஞ்சில் நால்வரும் சேர்ந்து 5 புள்ளி எடுத்த வாரங்களையும் அதே நேர்மையோடு குறித்து வைத்திருக்கிறேன்.

ஹிட் எடுத்த புள்ளியைக் கழித்துத்தான் வார முடிவு எழுத வேண்டுமா?

ஆம். வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், அதாவது ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது, இலவசம். பயன்படுத்தாவிட்டால் ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கழியும்; அதைத்தான் ஹிட் என்கிறோம். மூன்று ஹிட் எடுத்து 70 பெற்றவர் எங்கள் கணக்கில் 58 பெற்றவர்தான். 60 எடுத்தவருக்குக் கீழே நிற்பார். இதில் வாதத்துக்கு இடமில்லை.

சென்ற வார நாயகனை இந்த வாரம் வாங்கலாமா?

அவர் ஏன் அடித்தார் என்று தெரிந்தால் வாங்கலாம். பெனால்டி அடிப்பவரா, ஃப்ரீ கிக் எடுப்பவரா, தொண்ணூறு நிமிடமும் ஆடுபவரா, அடுத்த நான்கு ஆட்டங்கள் யாரோடு என்பவற்றைப் பார்க்காமல், அவருக்கு வந்த 17 புள்ளியை மட்டும் பார்த்து வாங்குபவர் முடிந்துபோன ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறார். சன் ஹியுங்-மின்னை விற்றவர்கள் செய்த பிழையும் இதே வகைதான், திசை மட்டுமே மாறியது.

வார நாயகர்கள் வேறு, பருவ நாயகர்கள் வேறா?

பெரும்பாலும் வேறு. பருவத்தின் உச்சியில் நிற்பவர்கள் தொடர்ந்து எடுப்பவர்கள். சலா 2018 மார்ச்சில் வாட்ஃபோர்டுக்கு எதிராக நான்கு கோலும் ஓர் அசிஸ்டுமாக ஒரே ஆட்டத்தில் 29 புள்ளி எடுத்து, அந்தப் பருவத்தை 303-இல் முடித்தார். 2024-25 பருவத்திலோ 29 கோலும் 18 அசிஸ்டுமாக ஆடி, ஃபேன்டசி பிரீமியர் லீக் வரலாற்றிலேயே அதிகமான 344 புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி ஒன்பது. எனக்கு அதைவிட வியப்புத் தருவது லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் 2013-14 பருவத்தில் எடுத்த 295. தடையால் முதல் ஐந்து ஆட்டங்களில் அவர் களத்திலேயே இல்லை; எஞ்சிய 33 ஆட்டங்களில் 31 கோல் அடித்தார்.

இதில் திறமைக்கு இடம் உண்டா, எல்லாம் அதிர்ஷ்டமா?

ஒரு வாரத்தில் அதிர்ஷ்டம் அதிகம், 38 வாரங்களில் திறமை அதிகம் என்பது என் அனுபவம். சென்னையில் 2013-இல் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கச் சாம்பியனான மாக்னஸ் கார்ல்சன், 2019 டிசம்பரில் எழுபது லட்சம் பேருக்கு மேல் ஆடிய இந்த ஆட்டத்தில் சில நாள்கள் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்தார். அதற்காக எங்கள் லீக்கில் முதலிடத்தில் இருப்பவருக்குச் சதுரங்கம் தெரியும் என்று அர்த்தமில்லை.

இருவர் சம புள்ளியில் இருந்தால் யார் மேலே?

குறைவான டிரான்ஸ்ஃபர் செய்தவர். வைல்ட்கார்டிலும் ஃப்ரீ ஹிட்டிலும் செய்த மாற்றங்கள் இதில் சேராது.

நேருக்கு நேர் லீக்கில் பதினொரு பேர்தானே இருக்கிறோம், ஒருவருக்கு எதிராளி யார்?

மொத்தப் புள்ளி லீக்கோடு, வாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் நேருக்கு நேர் லீக் ஒன்றையும் நடத்துகிறோம். வென்றால் 3, சமன் என்றால் 1. எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால், சராசரி என்ற பெயரில் ஓர் அணியை ஆட்டமே சேர்த்துவிடுகிறது. அதற்குக் கேப்டனும் இல்லை, டிரான்ஸ்ஃபரும் இல்லை. சராசரிப் புள்ளி எதுவோ அதுவே அதன் ஸ்கோர். அதனிடம் தோற்றவர் பெயரை வார முடிவின் கடைசி வரியில் எழுதுவது எங்கள் வழக்கம். சென்ற பருவத்தில் அந்த வரியில் என் பெயரை நானே இரண்டு முறை எழுதினேன்.